ராகி உருண்டையில் ஓர் எடைப் பாடம்!

உங்கள் வீட்டுச் சுட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். "ஒரு கிலோ ராகி கனமா, ஒரு கிலோ பொரி கனமா?"

"ராகிதாம்மா!" என்று பட்டென்று பதில் வரும். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். குழந்தை சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு படி ராகியையும் ஒரு படி பொரியையும் தூக்கிப் பார்த்தால் ராகிதான் கனம். படி, பொருள் அடைக்கும் இடத்தை அளக்கிறது. கிலோ, எடையை அளக்கிறது. இந்த வித்தியாசம் மனதில் பதியாத பிள்ளை, 'ஆயிரம் கிராம் ஒரு கிலோ' என்று கடகடவென ஒப்பிக்கும். ஆனால் கையில் இருப்பது கால் கிலோவா, ஒரு கிலோவா என்று கேட்டால் திருதிருவென விழிக்கும்!

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிப் பக்கம் ராகிக் களியும் ராகி ரொட்டியும் அன்றாடச் சாப்பாடு. அந்த அடுப்படியே இந்தப் பாடத்துக்கு நல்ல வகுப்பறை. உங்கள் வீட்டில் கோதுமை மாவுதான் இருக்கிறதா? அதுவும் போதும்.

முதலில் கை, பிறகு தராசு

ஐந்து, ஆறு வயதில் எண்களே வேண்டாம். ஒரு கையில் உருளைக்கிழங்கு, மறு கையில் தக்காளி. "எது கனம்? எது லேசு?" இப்படி ஒரு வாரம் விளையாடட்டும்.

அடுத்து, துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் ஒரே அளவுள்ள இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தராசு ரெடி! ரொட்டிக்குப் பிசைந்த மாவில் சம எடையுள்ள இரண்டு உருண்டைகளை இரு பக்கமும் வையுங்கள். இப்போது ஒன்றை மட்டும் எடுத்துத் தட்டையாகத் தட்டி, "இப்ப எது கனம்?" என்று கேளுங்கள். "பெரிசா இருக்கே, இதுதான்" என்று சின்னப் பிள்ளைகள் பலரும் சொல்வார்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மறுபடியும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசே சொல்லிவிடும். வடிவம் மாறினாலும் எடை மாறாது என்பதை வளர வளரத்தான் பெரும்பாலான குழந்தைகள் உறுதியாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் அவசரம் வேண்டாம்.

கிராம் எப்போது?

ஏழு, எட்டு வயதில் கிராமும் கிலோவும் வரட்டும். நம் பாட்டிமார் சேர், வீசை, பலம் என்று கணக்குப் போட்டவர்கள். 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல்தான் நம் கடைகளில் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. எல்லாம் பத்து, நூறு, ஆயிரம் என்று போவதால் பிள்ளைகளுக்கு இதுதான் சுலபம்.

வீட்டிலேயே எடைக்கற்கள் இருக்கின்றன. இரண்டு நிறமுள்ள பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். பதின்மூன்று நாணயம் சேர்ந்தால் 100 கிராம்! அரை லிட்டர் பால் பாக்கெட், அரை கிலோவுக்குச் சற்றுக் கூட. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மளிகை வந்ததும் கையில் தூக்கி முதலில் ஊகிக்கட்டும், பிறகு கவரில் அச்சிட்டதைப் படிக்கட்டும். (மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கச்சி இருந்தால் நாணயங்களை உடனே எடுத்து வைத்துவிடுங்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்!)

பையை நிறுத்துப் பாருங்கள்

'இதெல்லாம் டீச்சர் வேலை, ஹெல்த் பத்திரிகையில் எதற்கு?' என்கிறீர்களா? இப்போது பிள்ளையின் புத்தகப் பையை எடுங்கள்.

எடை பார்க்கும் மெஷினில் முதலில் பிள்ளை மட்டும் ஏறட்டும். பிறகு பையை மாட்டிக்கொண்டு ஏறட்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பையின் எடை. இந்தக் கழித்தலை நீங்கள் போடாதீர்கள், பிள்ளையே போடட்டும். மத்திய கல்வித் துறை 2020-இல் கொண்டுவந்த பள்ளிப் பைக் கொள்கைப்படி, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்குப் பையே தேவையில்லை.

பிள்ளை 20 கிலோ என்றால் பை 2 கிலோ வரை போகலாம். இதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறதே! பள்ளியில் நல்ல குடிதண்ணீர் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் சின்ன பாட்டில் போதும். அன்றைக்கு டைம்டேபிளில் இல்லாத நோட்டுகளை எடுத்துவிடுங்கள். முதுகு குனிந்து, தோள் வலிக்குது என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கே மருந்து.

இன்னொன்று. காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் சிரப்பின் அளவைக்கூட டாக்டர் பிள்ளையின் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார். ஒரே மருந்து 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. லேபிளைப் படிக்காமல் மாற்றிக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை பிள்ளையின் எடையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குறிப்பது பிள்ளையின் கையாகவே இருக்கட்டும்.

நாளைக் காலை மாவு பிசையும்போது சுட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியும் வேகும், பாடமும் முடியும்!