பன்னிரண்டும் இருபதும்

மருமகனே,

கச்சிராயபாளையம் வழியே கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குச் சென்ற நீ, அங்கொரு பெரியவரிடம் நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா போடுவார்கள் என்று கேட்டதாகவும், அவர் சிரித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். சிரித்ததில் நியாயம் உண்டு. அது தோட்டாவே இல்லாத ஜாதி. குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் பால்ரஸ் எனும் சிறு உலோகக் குண்டுகளையும் இட்டுக் கெட்டிப்பது. உரிமமின்றி அதை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த அந்த மருந்தின் நிதானமான வேகத்துக்கென்று அமைந்த குழலில், 1884இல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் பால் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் வழிவந்த எதையேனும் அதே அளவில் இட்டால், எழும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் இரும்பு சுடுகிறவன் முகத்தருகிலேயே பிளக்கும்.

உன் தாத்தா உரிமத்தோடு வைத்திருக்கும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் அபாயமோ வேறு விதம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றிலொன்றின் விட்டம் எதுவோ அதுவே அக்குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், இருபதாக வார்த்தால் உருண்டை சிறுத்து 15.6 ஆகிவிடும். எண் பெருக வாய் சிறுக்கும் இந்த விசித்திரக் கணக்கை அறியாதவன் 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால், அது விளிம்பில் நில்லாமல் உள்ளே நழுவி, குழல் குறுகுமிடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்துகிறான், வெடிக்கவில்லை. திறந்து பார்க்கிறான், தோட்டா அமரும் அறை காலி. போட மறந்தோம் என்றெண்ணிச் சரியான தோட்டாவைப் போட்டு மறுபடி அழுத்துகிறான். முன்னடைப்பின்மேல் மோதிய வெடி, இடக்கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழலைக் கிழித்துவிடுகிறது. இதற்கஞ்சியே தயாரிப்பாளர் பலர் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள்.

எண் பொருந்தினால் போதும் என்றும் இருந்துவிடாதே. பழைய துப்பாக்கிகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை 70. தோட்டாவின் நீளம் வெடித்து நுனி மடிப்பு விரிந்த பின் அளக்கப்படுவதாதலால், மடிந்த நிலையில் அது குட்டை அறையிலும் இடைஞ்சலின்றி அமர்ந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். தாத்தாவின் துப்பாக்கியில் அறையின் நீளம் குழலின் அடிப்புறத்தில் பொறித்திருக்கிறதா என்று அவரையே திறந்து காட்டச் சொல். எழுத்து தேய்ந்திருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் அளந்து சொல்லும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.