மூன்றிதழ்ச் சின்னம்

கேள்வி: மஞ்சள் முக்கோணத்துள் மூன்று கறுப்பு இதழ்கள் வரைந்த பலகை எதைக் குறிக்கிறது? (வாசகர், குளச்சல்)

பதில்: மணவாளக்குறிச்சிக் கருமணலை ஒரு கை அள்ளிப் பார்த்தால், இல்மனைட்டின் கறுப்புக்கும் கார்னெட்டின் செம்மைக்கும் நடுவே தேன் நிறத்தில் தென்படுகிற மோனசைட், தோரியத்தைத் தன்னகத்தே கொண்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாத கதிர்வீச்சை உமிழ்வதாகையால், அத்தகைய பதார்த்தங்களைக் கையாளும் இடங்களில் அபாயத்தை அறிவிக்கும்பொருட்டு, 1946-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்த சின்னமே தாங்கள் கண்டது. ஆதியில் அதன் வர்ணம் நீலத்தின்மேல் மெஜந்தா. மஞ்சள் பிற்பாடு வந்தது. அதை மின்விசிறி என்று நினைப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதனாலன்றோ 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை, மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்பு முக்கோணமொன்றை, வாயிலில் அல்ல, உயிர்கொல்லும் கதிர்மூலத்தின் மூடியைக் கழற்ற முயல்பவன் கண்ணில் படும்படி உள்ளேயே பொறிக்க வகுத்தது!