யம்புக்குவுக்குப் போகும் பாதை



ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறு வருகின்றது. அன்று கோவிலில் காணிக்கைத் தட்டு வரும்போது நாமும் இயன்றதைப் போடுகின்றோம். அந்தக் காசு போய்ச் சேரும் இடங்கள் எப்படிப்பட்டவை, அங்கு வாழும் மனிதர் யார் என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? இவ்வாரப் பாடத்தில் மத்திய ஆபிரிக்காவின் காட்டுப் புறத்திலுள்ள ஒரு மிசனுக்கு மனத்தால் பயணம் செய்வோம். அந்த ஊரின் பெயர் யம்புக்கு.

வழி

கொங்கோ சனநாயகக் குடியரசு இலங்கையைப் போல் ஏறக்குறைய 36 மடங்கு பெரிய நாடு. 1971 முதல் 1997 வரை அதற்குச் சயர் என்று பெயர். அந்நாட்டில் பெருந்தெருக்கள் குறைவு. ஆறே தெரு. சுமார் 4,700 கிலோமீற்றர் நீளமான கொங்கோ ஆறு பூமத்திய ரேகையை இரு முறை கடந்து ஓடுகின்றது. தலைநகர் கின்சாசாவிலிருந்து ஆற்றை எதிர்த்துப் படகிற் செல்வோர் பல நாட்களின் பின் பும்பா என்னும் துறைமுக ஊரை அடைவர். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம் காட்டுப் பாதை. மழை பெய்தால் சேறு. வாகனம் புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். வழியிலே மண்சுவர் வீடுகளும் மரவள்ளித் தோட்டங்களும் உள்ள சிற்றூர்கள். மரவள்ளியின் கிழங்கையும் இலையையும் அம்மக்கள் உணவாக்குகின்றனர். ஆற்றோரத்து ஊர்களிலே சந்தைக்கும் கடைக்கும் லிங்காலா மொழி பொதுமொழி.

இந்தப் பாதையின் முடிவிலே பெல்ஜிய நாட்டு மிசனரிமார் 1935ஆம் ஆண்டில் யம்புக்கு மிசனை நிறுவினர். கோவிலும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. 1976இல் அந்த ஆஸ்பத்திரியில் 120 கட்டில்களும் 17 பேர் கொண்ட பணியாளரும் இருந்தனர். நிலையான வைத்தியர் இல்லை. கன்னியரும் உள்ளூர்த் தாதியரும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான வெளிநோயாளரைக் கவனித்தனர். மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மக்கள் தொலைவான ஊர்களிலிருந்தும் நடந்து வந்தனர்.

நடந்தது

1976 ஆகஸ்ட் மாதத்தில் மிசன் பாடசாலை ஆசிரியர் ஒருவர் வடபகுதிக்கு வாகனத்திற் சுற்றுப்பயணம் போய்த் திரும்பினார். காய்ச்சல் கண்டது. மலேரியாவென்று எண்ணி 26ஆம் திகதி ஊசி மருந்து ஏற்றினார்கள். முதலில் தணிந்த காய்ச்சல் மீண்டும் வந்தது. செப்டெம்பர் 8ஆம் திகதி அவர் இறந்தார். அதன் பின் ஆஸ்பத்திரிக்கு வந்து போனவர்களும், அவர்களைப் பராமரித்த உறவினரும், பிரேதத்தைக் குளிப்பாட்டியவர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தனர். 17 பணியாளருள் 11 பேர் மாண்டனர். கன்னியரும் தப்பவில்லை. செப்டெம்பர் 30ஆம் திகதி ஆஸ்பத்திரி மூடப்பட்டது.

நோயுற்ற கன்னியர் ஒருவரின் இரத்தம் ஒரு சாதாரண சுடுநீர்ப் போத்தலில் ஐஸ் கட்டிகளுடன் விமானத்தில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகருக்கு அனுப்பப்பட்டது. அதை ஆராய்ந்தவர்களுள் பீற்றர் பியொற் என்னும் இளம் வைத்தியரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 27. ஒக்டோபரில் அவரும் பிற நாட்டு ஆராய்ச்சியாளரும் விமானத்தில் பும்பாவில் இறங்கி, லாண்ட் றோவர் வாகனத்தில் யம்புக்குவை அடைந்தனர். எஞ்சியிருந்த கன்னியர் விருந்தினர் விடுதியில் ஒதுங்கி, சாவை எதிர்பார்த்துச் செபித்துக்கொண்டிருந்தனர். தம்மால் பிறருக்கு நோய் பரவக்கூடாதென்று விடுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, தாண்டினால் சாவு நேரும் என்ற எச்சரிக்கையையும் மாட்டியிருந்தனர். பியொற் கயிற்றைத் தாண்டிச் சென்று, அவர்களது தாய்மொழியிலேயே பேசித் தைரியம் சொன்னார்.

நோய் பரவிய காரணத்தைத் தேடியபோது ஓர் உண்மை வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு ஐந்து ஊசிகளே வழங்கப்பட்டன. ஒருவருக்கு ஏற்றிய ஊசியை இளஞ்சூட்டு நீரில் அலசி மற்றவருக்கு ஏற்றினர். கர்ப்பிணிகளுக்குச் சத்து மருந்தும் அவ்வாறே ஏற்றப்பட்டது. நலம் தேடி வந்தவர்கள் அங்கேயே நோயைப் பெற்று வீடு திரும்பினர். அவ்வாண்டு அப்பிரதேசத்தில் 318 பேர் நோயுற்று 280 பேர் இறந்தனர். அருகில் ஓடும் ஆறொன்றின் பெயரால் அந்நோய் எபோலா எனப்பட்டது.

நாம் கற்பது

முதலாவது: அக்கன்னியரைக் குற்றவாளிகளாக நாம் தீர்ப்பிடலாகாது. வீட்டையும் நாட்டையும் விட்டு வந்து, நோயாளரோடு நோயாளராக மாண்டவர்கள் அவர்கள். எனினும் அன்பு மட்டும் போதாது என்பதை அந்த ஐந்து ஊசிகளும் நமக்குச் சொல்லுகின்றன. அர்ச். பவுல் பிலிப்பியருக்கு எழுதுகையில் (1:9) அவர்களது அன்பு அறிவிலும் பகுத்துணர்விலும் வளர வேண்டுமென்று செபிக்கின்றார். அறிவு அன்புக்கு எதிரி அன்று. அது அன்பின் கண்.

இரண்டாவது: வறுமையே அந்த ஊசிகளை மீண்டும் மீண்டும் பாவிக்க வைத்தது. வைத்தியரும் போதிய கருவிகளும் கொதிநீர்ப் பாத்திரமும் அங்கிருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர். ஆகவே நாம் கொடுக்கும் காணிக்கை வெறும் சடங்கு அன்று. ஒரு புதிய ஊசியின் விலை மிகச் சிறிது. ஆனால் அது இல்லாத இடத்தில் அதன் விலை ஓர் உயிர்.

மூன்றாவது: காட்டு மக்கள் ஒன்றும் அறியாதவர் என்று எண்ணுவது நமது அகந்தை. பெரியம்மை நாட்களின் அனுபவத்தை நினைவில் வைத்திருந்த ஊர்ப் பெரியோர் பாதைகளைத் தாமே மறித்தனர். நோயாளரைப் புறம்பான குடிசைகளில் வைத்தனர். ஆஸ்பத்திரி மூடப்பட்டதும் இந்தக் கட்டுப்பாடுமே நோயை அடக்கின. மறைபரப்புக்குப் போகிறவர் கற்பிக்க மட்டுமல்ல, கற்கவும் போகிறார்.

அன்றும் இன்றும்

1995இல் அதே நாட்டின் கிக்விற் நகரில் எபோலா மீண்டும் தோன்றியபோது, நோயாளரைப் பராமரித்த இத்தாலியக் கன்னியர் அறுவர் உயிர் துறந்தனர். 2021இல் திருச்சபை அவர்களை வணக்கத்துக்குரியவர்களாக அறிவித்தது. 2019இல் எபோலாவுக்குரிய தடுப்பு மருந்து அங்கீகாரம் பெற்றது. அன்பு முன்னே போயிற்று; அறிவு பின்னே வந்து சேர்ந்தது.

இது நமக்குப் புதிய செய்தியுமல்ல. 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அர்ச். யோசேப் வாஸ் அடிகளார், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராற் கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று பராமரித்தார். அவரும் தூர தேசத்திலிருந்து நம்மிடம் வந்தவரே. நமக்காக ஒருவர் நடந்து வந்தார் என்றால், யம்புக்குவுக்குப் போகும் பாதை நமக்கு அந்நியமானதாக இருக்க முடியாது.

குடும்பத்தில் சிந்திக்க

1. நோயுற்றவருக்கு உதவும்போது, வைத்தியரின் சொல்லைக் கேட்கின்றோமா, அல்லது "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று வற்புறுத்துகின்றோமா?

2. நம் பிள்ளைகளுள் ஒருவர் தாதியாகவோ வைத்தியராகவோ துறவியாகவோ தூர இடத்திற்குப் போக விரும்பினால், நாம் வழிவிடுவோமா?

3. இவ்வாண்டு மறைபரப்புக் காணிக்கைக்காக நம் வீட்டில் எதைத் தியாகம் செய்யலாம்?

குழந்தை தெரேசம்மாள் தமது மடத்தை விட்டு ஒருபோதும் மிசன் நாடுகளுக்குப் போகவில்லை. ஆயினும் 1927இல் திருச்சபை அவரை மிசன்களின் பாதுகாவலியாக அறிவித்தது. செபமும் தியாகமும் செல்லாத காட்டுப் பாதை இல்லை. இன்று இரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை, யம்புக்குவில் இறந்தோருக்காகவும், இன்றும் அத்தகைய தூர இடங்களிற் பணிபுரிவோருக்காகவும் ஒப்புக்கொடுப்போம்.