லைசென்ஸ் இருந்தால் போதுமா?

கேள்வி: என் பெயரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. செண்பகத்தோப்புக்குப் போகும்போது அது இடுப்பில் இருந்தால், வனத்துறையினர் கேட்குமுன் நானாகவே சொல்லிவிட வேண்டுமா?
– மாந்தோப்புக்காரர், ராஜபாளையம்

பதில்: சொல்வது இருக்கட்டும், கொண்டுபோகவே கூடாது. செண்பகத்தோப்பு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் புலிகள் காப்பகமும் ஆனது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 31ஆம் பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதமும் நுழையக் கூடாது. லைசென்ஸ் அதற்கு ஈடாகாது. செக்போஸ்ட்டில் யோக்கியமாக ஒப்புக்கொண்டாலும் குற்றம் குற்றம்தான், துப்பாக்கியும் பறிமுதலாகும்.

அமெரிக்கக் கதை வேறு. அங்கே 2010 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். சில மாநிலங்களில் போலீஸ் நிறுத்தியதுமே சொல்லியாக வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களோ என்று சந்தேகம்!

நீங்கள் கேட்காத, ஆனால் முக்கியமான விஷயம் நம் வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், லைசென்ஸ்தாரர் வனத்துறையிடமும் பெயரைப் பதிய வேண்டும். மலையடிவாரத்துக்காரர் நீங்கள், பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் போலீஸ் கேட்டால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸைக் காட்டியாக வேண்டும்; நகலை நம்பாமல் அசலையே வைத்துக்கொள்ளுங்கள்.