உன் கை இல்லாமலும் உப்பு சரியா இருக்கணும்

தங்கச்சி, வீட்டு அடுப்படியில இட்லிப் பொடியும் ஊறுகாயும் போட ஆரம்பிச்சு, தெருவுல பேர் வாங்கி, இப்ப நாலு மளிகைக் கடைக்குச் சரக்கு போடுற அளவுக்கு வந்துட்டே. ரொம்ப சந்தோஷம். "அடுத்து என்ன அக்கா?"ன்னு கேட்கிறப்பவே உன் மனசு பெரிய மிஷின், பளபள பாக்கெட், இன்னும் பத்து ஐட்டம்னு ஓடுது பாரு, அங்கதான் கொஞ்சம் நில்லுன்னு சொல்றேன். வறுக்கிறது நீ, அரைக்கிறது நீ, கடைக்காரர்கிட்ட பேசுறது நீ, பாக்கி வசூலும் நீ. உனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்தா கம்பெனியே படுத்துடும். இந்த நிலைமையில ஆர்டர் கூடக்கூட நீதான் தேய்வே. தொழில் வளரணும்னா முதல்ல மாற வேண்டியது உன் வேலை. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும், அதனால முக்கியமானதை மட்டும் சொல்றேன். தையல், கேட்டரிங், பேக்கரின்னு எது பண்றவங்களும், தம்பிகளும், அவங்கவங்க தொழிலுக்குப் பொருத்திப் பார்த்துக்கோங்க.

1. கைப்பக்குவத்தை கிராம்ல எழுது

"எனக்குக் கண்ணளவு போதும் அக்கா"ன்னு பெருமையா சொல்லாதே. அந்தக் கண்ணளவு உன் கூடவேதான் இருக்கும், வேலைக்கு வர்ற பொண்ணுக்கு வராது. கல் உப்பு ஒரு கைப்பிடியும் தூள் உப்பு ஒரு கைப்பிடியும் ஒரே எடை கிடையாது. உன் கைப்பிடியும் அவ கைப்பிடியும் ஒண்ணு கிடையாது. வாடிக்கையாளர் போன மாசம் வாங்கின அதே ருசியைத் தேடி வர்றாங்க. ஒரு தடவை உப்பு கரிச்சா, உன்கிட்ட சொல்ல மாட்டாங்க, அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு நோட்டும் எடு. அடுத்த தடவை பொடி பண்றப்ப உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு எல்லாத்தையும் எடை போட்டே போடு. வறுக்கிறப்ப தீ எவ்வளவு, கடிகாரத்துல எத்தனை நிமிஷம், எந்த நிறத்துல இறக்கினே, எல்லாத்தையும் எழுது. நிறத்தை எழுத்துல சொல்ல வரலைன்னா போன்ல ஒரு படம் எடுத்து, பிரின்ட் போட்டு, அடுப்புக்கு மேல ஒட்டு. மிளகாய் மட்டும் தொந்தரவு பண்ணும். சம்பா மிளகாயும் குண்டு மிளகாயும் காரத்துல வேற, ஒரே ரகமே லாட்டுக்கு லாட் மாறும். புது மூட்டை பிரிச்சதும் கால் கிலோ அளவுக்குப் பொடி பண்ணி ருசி பார்த்துட்டு அப்புறம் மொத்தமா இறங்கு.

அரைச்ச சூட்டோட பாக்கெட் ஒட்டிடாதே. அவசர ஆர்டர்ல எல்லாரும் பண்ற தப்பு இது. உள்ளே வேர்த்து, பொடி கட்டி தட்டும், கொஞ்ச நாள்ல பூஞ்சை பிடிக்கும். தட்டுல பரப்பி நல்லா ஆறின பிறகுதான் சீலிங். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு பாக்கெட்டைத் தேதி போட்டு எடுத்து வை. ஒரு கடைக்காரர் "வாசனை சரியில்ல"ன்னு சொன்னா, அதே பேட்ச் உன் அலமாரியில எப்படி இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கலாம். தப்பு உன்கிட்டயா, அவர் வெயில்ல வச்சதாலயான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

2. உன் சம்பளத்தைக் கணக்குல எழுது

"கையில காசு புரளுது, லாபம்தான்"னு சொல்றதை விடு. வா, ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 200 கிராம் பொடி, எம்.ஆர்.பி. 120 ரூபாய். கடைக்காரருக்கு 20 சதவீதம் போனா உன் கைக்கு வர்றது 96. பொருள் செலவு 42, பாக்கெட்டும் லேபிளும் 8, கேஸ் கரண்ட் 5, கூலி 10, ஆக 65. வண்டி பெட்ரோல் 6. பத்துக்கு ஒண்ணு விக்காம ரிட்டர்ன் வந்தா, அந்த நஷ்டம் வித்த பாக்கெட் தலையில ஏறும், அது ஒரு 7. மிச்சம் 18 ரூபாய். மாசம் 400 பாக்கெட் வித்தா 7,200 ரூபாய்.

இப்ப சொல்லு, காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிற உனக்குச் சம்பளம் எங்கே? உன் இடத்துல ஒரு ஆளை வச்சா மாசம் 7,200-க்கு வருவாங்களா? இந்தக் கணக்கோட ஆர்டரை ரெண்டு மடங்காக்கினா, உழைப்புதான் ரெண்டு மடங்காகும். முதல்ல விலையைப் பாரு, ரிட்டர்னைக் குறை, வாட்ஸ்அப்ல நேரடியா விக்கிறதைக் கூட்டு. கூரியர் செலவை வாங்குறவங்க ஏத்துக்கிட்டா, அதே பாக்கெட்ல உனக்கு 55 ரூபாய் நிக்கும். பத்து ரூபாய் விலை ஏத்தப் பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்காதே. பருப்பு விலை உன்கிட்ட கேட்டுட்டா ஏறுது?

வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே பர்ஸ்ல கிடக்கக் கூடாது. தனி பேங்க் கணக்கு, தனி ஜிபே. மாசம் ஒண்ணாம் தேதி உனக்குன்னு ஒரு தொகையைச் சம்பளமா எடு, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.

3. ஐட்டத்தைக் கூட்டாதே, குறை

கடந்த மூணு மாச பில்லை எடுத்து எது எவ்வளவு போச்சுன்னு கூட்டிப் பாரு. பெரும்பாலும் மூணு நாலு ஐட்டம்தான் வீட்டை நடத்தும். மீதி எல்லாம் "ஒருத்தங்க கேட்டாங்க"ன்னு சேர்த்தது. அதுக்கும் லேபிள் அடிச்சு, பாக்கெட் வாங்கி, பணம் முடங்கிக் கிடக்கு. கேட்டவங்களுக்கு வருத்தமா இருக்கும்தான், இருந்துட்டுப் போகட்டும்.

4. கடன் சரக்குக்கு எல்லை போடு

பெரிய சூப்பர் மார்க்கெட்ல இடம் கிடைச்சா குதிக்கிறோம். அவங்க 60 நாள், 90 நாள் கழிச்சுப் பணம் தர்றேன்னு சொல்றப்ப தலையாட்டிட்டு வர்றோம். வித்தது உண்மை, ஆனா அடுத்த மூட்டை உளுந்து வாங்கக் கையில காசு இல்ல. நல்லா ஓடிக்கிட்டு இருந்த சின்னக் கம்பெனிகள் மூச்சு முட்டி விழுறது இந்த இடத்துலதான்.

சட்டம் உன் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம்ங்கிற அரசுப் பதிவு வச்சிருக்கிற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கினவர் அதிகபட்சம் 45 நாள்ல பணம் கொடுத்தாகணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். தாமதமானா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், அரசோட ஆன்லைன் தளத்துல புகார் கொடுக்கலாம். 2024 ஏப்ரல்ல இருந்து, உரிய நாளுக்குள்ள கொடுக்காத பணத்தை வாங்கினவர், அதைக் கொடுக்கிற வருஷத்து வருமான வரியிலதான் செலவா காட்ட முடியும். அவங்க கணக்குப் பிள்ளைக்கு இது நல்லாவே தெரியும். அதனால உத்யம் எண்ணையும், பணம் கொடுக்க வேண்டிய தேதியையும் பில்லுலயே அச்சடி. சண்டை போட வேண்டிய அவசியமே பாதி நேரம் வராது.

சின்னக் கடைக்கு என் வழி ஒண்ணுதான்: பழைய பில் தீர்ந்தாதான் புது சரக்கு. "நம்ம அண்ணாச்சிதானே"ன்னு முகத்துக்காக விட்டே, பாக்கி ஏறும், கடைசியில உறவும் போகும்.

5. முதல் ஆளை எந்த வேலைக்கு எடுப்பே?

நிறைய பேர் விக்கிறதுக்கு ஆள் எடுத்துட்டு, தாங்க சமையலறையிலயே இருந்துடுறாங்க. அப்படிப் பண்ணாதே. ஆரம்பத்துல வாடிக்கையாளர் வாயால வர்ற பேச்சை நீதான் கேட்கணும், அடுத்த வழி அங்கதான் திறக்கும். சுத்தம் பண்றது, எடை போடுறது, பேக்கிங், அப்புறம் வறுக்கிறது, இந்த வரிசையில ஒவ்வொண்ணா கைமாத்து.

- சொந்தக்காரங்களை எடுத்தா முதல் நாளே சம்பளம், நேரம், லீவு மூணையும் பேசிடு. நாத்தனார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கினா எடுக்கவே எடுக்காதே.
- வேலைக்கு வந்தவ செஞ்சதை மறுபடியும் நீ செஞ்சு திருத்தாதே. எங்கே பிசகுச்சுன்னு நோட்டுல காட்டு, அவளே செய்யட்டும். ஒரு பேட்ச் வீணானாலும் தாங்கிக்கோ.
- ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் ஊருக்குப் போ. போன் வந்தா எடு, ஆனா எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு குறிச்சுக்கோ. "பெருங்காயம் தீர்ந்துடுச்சு, எங்கே வாங்குறது?", "இந்தக் கடைக்கு எவ்வளவு விலை?" இதெல்லாம் உன் தலைக்குள்ள மட்டும் இருக்கிற விஷயம். திரும்பி வந்ததும் சுவத்துல ஒட்டு.

6. புதுசா எதுலயாவது இறங்கணும்னா பக்கத்துப் படியில கால் வை

இதைக் கொஞ்சம் நிதானமா கேளு. ஈரோட்டுல பி.சி. துரைசாமி 1975-ல மஞ்சள் வியாபாரம் ஆரம்பிச்சாரு. அப்புறம் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மல்லித் தூள், அதுக்கப்புறம்தான் மசாலா. அதுதான் சக்தி மசாலா. வீட்டுப் பெண்கள் மிஷினுக்குப் போய் அரைச்சுக்கிட்டு இருந்த காலத்துல, ஒரேயடியா மசாலாவுல குதிக்காம, பொருள் வாங்கத் தெரிஞ்ச கையை வச்சுக்கிட்டு படிப்படியா வந்தாரு.

ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல 13,000 ரூபாய் முதலோட ராயபுரத்துல ஐஸ் கேண்டி போட ஆரம்பிச்சாரு. சென்னையில பெரிய பேருங்க இருந்ததால, அவங்க கண்டுக்காத சின்ன ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டு போனாரு. பிறகு ஆரோக்யா பால். ஐஸ்கிரீமும் பாலும் வேற மாதிரி தெரியலாம், ஆனா குளிர் கெடாம ஊர் ஊரா கொண்டு சேர்க்கிற வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சி.கே. ரங்கநாதன் 1983-ல கடலூர்ல 15,000 ரூபாயோட தனியா தொழில் தொடங்கி சிக் ஷாம்பு போட்டாரு. பாட்டில் வாங்க முடியாதவங்களுக்குச் சின்ன பாக்கெட். அவரோட கெவின்கேர் கம்பெனி பிறகு சின்னீஸ் ஊறுகாயையும் குட்டி பாக்கெட்ல வித்துச்சு. தலைக்குப் போடுறதும் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கிறதும் வேற வேற பொருள். ஆனா கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் போற வழி ஏற்கெனவே கையில இருந்துச்சே!

மூணு பேரும் பொருளை மாத்துறப்ப, தங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒண்ணைக் கூடவே எடுத்துட்டுப் போனாங்க. நீயும் ஒரு தாள்ல எழுது: பொடியை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? நல்ல மிளகாய் எங்கே கிடைக்கும்னு தெரியுமா? முந்நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் லிஸ்ட்டா? மெஸ், ஹாஸ்டல் பழக்கமா? ஹாஸ்டல் பழக்கம் இருந்தா அஞ்சு கிலோ மொத்தப் பை உன் பக்கத்துப் படி. பக்கத்து வீட்டுக்காரி மெழுகுவர்த்தி வித்து சம்பாதிக்கிறான்னு நீ மெழுகுவர்த்திக்குப் போனா, பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்கிறே.

புது ஐட்டத்தை முழுசா இறக்காம, பழைய வாடிக்கையாளர்ல சிலருக்குக் காசு வாங்கிக்கிட்டுக் கொடு. இலவசமா கொடுத்தா எல்லாரும் "சூப்பர்"னு சொல்லுவாங்க, அதை நம்பிடாதே. மறுபடி காசு கொடுத்துக் கேட்டாங்கன்னா அப்ப யோசி. பழைய பொடி ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே இதைப் பண்ணு. அது படுத்த பிறகு தேட ஆரம்பிச்சா பதட்டத்துல கண்டதையும் பிடிப்பே.

7. மிஷினைப் பார்த்து மயங்காதே

கண்காட்சியில போய் லோன் போட்டு வாங்கிட்டு வராதே. உன் பருப்பு, உன் மிளகாயை எடுத்துட்டுப் போய் அந்த மிஷின்ல அரைச்சுக் காட்டச் சொல்லு. தஞ்சாவூர்ல இருக்கிற மத்திய அரசோட உணவு பதப்படுத்தும் நிறுவனத்துல பயிற்சியும் தருவாங்க, தொழில் தொடங்குறவங்களுக்கு வழியும் சொல்லுவாங்க. முதல் ஆறு மாசம் வெளியில கூலிக்கு அரைச்சு வாங்கு. அந்தக் கூலி மாசத் தவணையைத் தாண்டினா மட்டும் மிஷினை வாங்கு. முத்ரா கடனுக்கு அடமானம் கேட்க மாட்டாங்கதான், ஆனா தவணை தேதி தவறாம வரும்.

8. காகித வேலை, சட்டுனு முடி

- உத்யம் பதிவு அரசுத் தளத்துல இலவசம். காசு கேட்டா அது இடைத்தரகரோட தளம், மூடிட்டு வா.
- உணவுப் பொருள்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லாம விக்காதே. 14 இலக்கம், லேபிள்ல இருக்கணும். எடை, விலை, தயாரிச்ச தேதி, பேட்ச் எண், புகார் சொல்ல போன் நம்பர், இதுல ஒண்ணு விட்டாலும் பெரிய கடையில உள்ளே விட மாட்டாங்க.
- வெளி மாநிலத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஜி.எஸ்.டி. பத்தி ஆடிட்டரைக் கேளு. மாநிலத்துக்குள்ள விக்கிறதுக்கான வரம்பு வெளி மாநிலச் சரக்குக்குப் பொருந்தாது.
- பேரைப் பதிவு பண்ணு. தனி நபருக்கும் சின்னத் தொழிலுக்கும் ஆன்லைன்ல ஒரு வகைக்கு 4,500 ரூபாய். அதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தளத்துல அந்தப் பேர் வேற யார்கிட்டயாவது இருக்கான்னு தேடு. பத்தாயிரம் பாக்கெட் அச்சடிச்ச பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தா, பாக்கெட்டும் போகும், நீ சம்பாதிச்ச பேரும் போகும். அந்தத் தேடல் இலவசம், இன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் போனை எடுத்துப் பாரு.