நிலப்படங்களைப் பொருத்தும் முன் ஆதாரத்தை அறிந்துகொள்ளுங்கள்

உழவர் பலரும் இன்று கைப்பேசியின் துணையால் தம் நிலம், கிணறு, வரப்பு ஆகியவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பழைய வரைபடத்தைக் கணினியில் ஏற்றிச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு. இவ்வாறு பொருத்தும்போது, பழைய படத்தில் உள்ள ஓடை இன்றைய படத்தில் அடுத்தவர் வயலின் நடுவே ஓடுவதாகத் தோன்றலாம். ஓடை ஆக்கிரமிக்கப்பட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நிலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே இவ்வாறு தெரிய இடமுண்டு. இரு படங்களின் 'ஆதாரம்' வேறுபடுவதே அதற்குக் காரணம்.

ஆதாரம் என்றால் என்ன?

'கிழக்கே 100 அடியில் ஆழ்துளைக் கிணறு போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், எங்கிருந்து 100 அடி என்று கேட்போம். வேப்பமரத்திலிருந்து அளந்தால் ஓரிடம். மடையிலிருந்து அளந்தால் வேறிடம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் அப்படியே. பூமியின் வடிவத்தையும் மையத்தையும் எவ்வாறு கொண்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே இடத்திற்கு வெவ்வேறு எண்கள் கிடைக்கும். இந்த அடிப்படையை நில அளவையாளர்கள் 'டேட்டம்' என்பர். இக்கட்டுரையில் ஆதாரம் என்றே குறிப்பிடுவோம்.

நம் நாட்டுப் படங்களில் இரண்டு ஆதாரங்கள்

1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, நாட்டின் பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830இல் பூமியின் வடிவத்தைக் கணித்தார். இவ்வடிவம் இந்திய நிலப்பரப்புக்கு ஏற்றதாக அமைந்தது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள கலியான்பூரைத் தொடக்க நிலையமாகக் கொண்ட இந்த ஆதாரத்தில்தான் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ படங்கள் அமைந்துள்ளன.

கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். கருவியோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்னும் உலக ஆதாரத்தைப் பின்பற்றுகிறது. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறை மையத்தைச் சுற்றி வருவதால், இவ்வாதாரம் அம்மையத்தையே தன் மையமாகக் கொண்டுள்ளது. இதில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். எவரெஸ்ட் வடிவத்தில் அது 800 மீட்டருக்கு மேல் குறைவு. மையமும் வேறு இடத்தில் உள்ளது. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின், பொதுமக்களுக்கான டோப்போ படங்கள் உலக ஆதாரத்திலேயே வெளியிடப்படுகின்றன.

வேறுபாடு எவ்வளவு?

பழைய படத்தின் எண்களை மாற்றாமல் அப்படியே உலக ஆதாரத்தில் இட்டால், தமிழ்நாட்டில் அந்த இடம் சுமார் 200 மீட்டர் தென்கிழக்காகத் தள்ளி விழும். 1:50,000 அளவுள்ள காகிதப் படத்தில் இது 4 மில்லிமீட்டர்தான். ஆனால் சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டரே. அதாவது மூன்று வயல்கள் தாண்டிப் போய்விடுகிறோம். கசிவுநீர்க் குட்டைக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் இப்பிழை நேர்ந்தால், ஓடை இல்லாத இடத்தில் குழி வெட்டிப் பணத்தை இழக்க நேரிடும்.

சரியாக மாற்றும் முறை

கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கணினி அறிந்த பிள்ளைகளைக் கொண்டு கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. படத்தின் ஓரக்குறிப்பைப் படித்து, எந்த ஆதாரம் என்று முதலில் அறியுங்கள்.

2. பழைய படத்தை ஏற்றும்போது அதற்குரிய பழைய ஆதாரத்தின் பெயரையே கொடுங்கள். பிறகு உலக ஆதாரத்திற்கு 'மாற்றுக' என்று கட்டளையிடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. மரக்காலில் அளந்த நெல்லின் சீட்டில் 'கிலோ' என்று எழுதிவிட்டால் எடை சரியாகிவிடுமா?

3. மென்பொருள் பல மாற்றங்களைப் பட்டியலிட்டால் இந்தியாவுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். மையத்தை நகர்த்தும் மூன்று எண்கள் 295, 736, 257 மீட்டர் என்றிருக்கும். அண்டை நாடுகள் சிலவற்றுக்கு எண்கள் வேறு. தக்க மாற்றம் கிடைக்காதபோது, மென்பொருள் இடத்தை நகர்த்தாமலே படத்தை இட்டுவிடுவதும் உண்டு. இந்த எண்களால் மாற்றிய பின்பும் பத்து, இருபது மீட்டர் பிழை தங்கலாம்.

4. பாகைக் கணக்கில் கவனம் தேவை. 11 பாகை 30 கலை என்பது 11.50 ஆகும், 11.30 என்று எழுதினால் இடம் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

5. ஏரி மதகு, பாலம், கோயில் கோபுரம், சாலைச் சந்திப்பு என இரு படங்களிலும் தெரியும் நான்கு இடங்களை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் ஆதாரப் பிழை என்று கருதலாம். இடத்திற்கு இடம் விலகல் மாறினால், காகிதம் சுருங்கியதோ படம் கோணலாகப் பொருத்தப்பட்டதோ காரணமாகலாம்.

புலப்படத்திற்கு இம்முறை பொருந்தாது

எப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இல்லை. கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து அளந்த நீளங்களே உள்ளன. ஆகவே அதற்கு ஆதார மாற்றம் செய்ய வழியில்லை. நிலத்தில் உள்ள கற்களின் இடத்தைத் துல்லியமான கருவியால் குறித்து, அவற்றோடு படத்தைப் பொருத்த வேண்டும்.

எல்லைத் தகராறுக்குக் கைப்பேசி தீர்ப்பு சொல்லாது

ஆதாரம் சரியாக இருந்தாலும், திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் 5 மீட்டர் அளவுக்குப் பிசகலாம். தென்னந்தோப்பின் நிழலில் இன்னும் கூடும். மேற்சொன்ன ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் 5 மீட்டர் நகர்ந்தால் சுமார் 8 சென்ட் நிலம் கை மாறியதாகத் தோன்றும். இதை நம்பி வேலியைப் பிடுங்கவோ கல்லை நகர்த்தவோ முற்படாதீர்கள். எல்லையில் ஐயம் இருந்தால் உரிய கட்டணம் செலுத்தி, நில அளவையரைக் கொண்டு அளந்து பார்ப்பதே முறை. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923இன்படி அளவைக் கற்களைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

உழவர் பெருமக்களே! இனி நிலத்தின் இடத்தைக் குறிப்பேட்டில் எழுதும்போது, எண்களுக்குப் பக்கத்திலேயே ஆதாரத்தின் பெயரையும் அளந்த நாளையும் எழுதி வையுங்கள். ஆதாரம் குறிப்பிடாத எண்களை யார் தந்தாலும், 'எங்கிருந்து அளந்தது?' என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். வீண் செலவும் பக்கத்து நிலத்தாருடன் வீண் மனத்தாங்கலும் இதனால் தவிர்க்கப்படும்.