வலப்பக்கம் உட்கார்



மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புதிய பருவத்தில், பியானோ கான்செர்டோ இருக்கும் முதல் கச்சேரிக்கு எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது என்று கேட்டிருந்தாய். வலப்பக்கம் எடும்மா. பியானோ படிக்கிற பிள்ளைகள் எல்லாம் விரல் தெரிய வேண்டும் என்று இடப்பக்கம் தேடுவார்கள். விரலை யூடியூபில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். வலப்பக்கம் இருந்தால் விரல் மறைந்துபோகும், வாசிப்பவரின் முகம் தெரியும். லூமுட்டிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போவது அந்த முகத்தைப் பார்க்கத்தான்.

எட்டாம் கிரேடு வரை நீ தனியாகவே வந்திருக்கிறாய். வீட்டிலும் தனி, பரீட்சை அறையிலும் தனி. வயலின் பிள்ளை பரீட்சைக்குப் போனால் துணைக்கு ஒரு பியானோக்காரர் உடன் போவார். பியானோ பிள்ளைக்கு அப்படி யாருமில்லை. உன் கை நல்ல கை. உன் காதுதான் அந்தக் கையை மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறது.

பெட்ரோனாஸ் கோபுரங்களின் அடியில் இருக்கும் அந்த மண்டபம் 1998 ஆகஸ்ட் 17 அன்று கீஸ் பாகெல்ஸ் நடத்திய கச்சேரியோடு திறந்தது. பல நாடுகளிலிருந்து வந்த கலைஞர்கள் ஒரே குழுவாக உட்கார்ந்த மேடை அது. நேரத்தோடு போய் உட்கார், சுருதி சேர்ப்பதே ஒரு பாடம். வழக்கமாக ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பியானோ முன்னால் நிற்கிற நாளில் பெரும்பாலும் பியானோவிலிருந்தே அந்தச் சுரத்தை எடுப்பார்கள். அதன் கம்பிகளை அந்த நேரத்தில் முறுக்கிச் சேர்க்க முடியாது. அதனால் மற்ற எல்லாரும் அதை நோக்கி நகர்ந்து வருகிறார்கள். வாசிக்கப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய கடன் என்று யோசித்துப் பார்.

எந்தக் கான்செர்டோ என்று நீ எழுதவில்லை. எதுவானாலும், போகுமுன் பெத்தோவனின் நான்காவதைக் கேள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் உறைந்த அரங்கில், அவரே வாசித்து அது பொதுமேடை ஏறியது. ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளும் அதே இரவில்தான் முதன்முதலாக ஒலித்தன. பியானோ தனியாக, மெதுவாகத் தொடங்கும். ஐந்தே பார்கள்தான். பிறகு தந்திக் கருவிகள் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல வேறொரு சுருதியில் பதில் சொல்லும். அதற்குப் பின் அறுபது பார்களுக்கு மேல் பியானோவுக்கு வேலையே இல்லை. கை மடியில் இருக்கும் அந்த நேரம் முழுக்க பியானோ வாசிப்பவர் என்ன செய்கிறார்? நல்ல கலைஞர் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை, குழுவின் வாசிப்புக்குள்ளேயே இருக்கிறார். அதனால்தான் மறுபடி கை வைக்கும்போது முதல் சுரமே உரையாடலின் நடுவிலிருந்து வருகிறது. இரண்டாம் பகுதியில் தந்திக் கருவிகள் கண்டிப்பாக, அதட்டலாகப் பேசும். பியானோ குரலை உயர்த்தாது. கடைசியில் தணிந்து போவது அதட்டியவர்கள்தான். அந்தப் பகுதியை நூறு முறை கேட்டாலும் எனக்குத் தீராது.

வாசிக்காதபோதும் குழுவுக்குள் இருக்கும் அந்த முகம் உனக்குப் புதிதல்ல. பங்கோர் பத்திரகாளியம்மன் கோயில் மாசி மகத்தில் நாதஸ்வரக்காரர் கருவியை இறக்கிப் பிடித்துக்கொண்டு, தவில் ஓடுகிற ஓட்டத்தைத் தலையசைத்துக் கேட்டு நிற்பாரே, அந்த முகம்தான். அவர் திரும்ப எடுக்கும் இடம் தவில்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

உடையைப் பற்றிக் கவலைப்படாதே, கோயிலுக்கு உடுத்தும் பட்டு போதும். அப்பா வந்தால் நீளக் கை பாத்தேக். பகுதிகளுக்கு நடுவில் கை தட்டாதே. இடைவேளையில் போனை எடுக்காதே, கேட்டது காதிலேயே இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் அடுத்த பரீட்சைப் புத்தகத்தைத் திறக்காதே. டிப்ளோமா ஓராண்டு பொறுக்கும். 1903இல் பூச்சௌ சீனர்கள் மெதடிஸ்ட் சபையோடு வந்து குடியேறிய ஊர் நம் பக்கத்துச் சித்தியவான். அங்கே தேவாலயங்களுக்குக் குறைவில்லை. ஒரு பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன் என்று போய்க் கேள். உன் பள்ளியில் வயலின் பிடிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் வாரம் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு. அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நீயும் வாங்கு, அவர்கள் தடுமாறினால் தாங்கிப் பிடி. முதல் பாட்டு எது என்று முடிவானதும் எனக்கு எழுது, பியானோ பகுதியை நானே அனுப்பி வைக்கிறேன்.